எட்டாவது தீவு

மும்பை அல்டமவுண்ட் ரோட்டில் நிற்கும் ஆன்டிலியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "இத்தனை ஏழைகள் இருக்கிற ஊர்ல ஒரே குடும்பத்துக்கு 27 மாடியா?" என்று ஒரு பக்கம். "அவர் காசு, அவர் கட்டுறார், உனக்கு ஏன் எரியுது?" என்று மறுபக்கம். இரண்டு தரப்பும் ஆளுக்கு இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு முதல் கேள்வியின் பக்கம்தான் சாய்வு. ஆனால் அந்தப் பக்கம் நின்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களைத் தட்டிப் பார்த்தால் பலவும் உள்ளே காலியாக இருக்கின்றன. கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, அந்த வீட்டில் தவறு என்று ஒன்று இருந்தால் அது சரியாக எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

முதலில் தகவல்கள். முகேஷ் அம்பானி குடும்பத்தின் வீடு. 2010-ல் கட்டி முடிந்தது. உயரம் சுமார் 173 மீட்டர். ஒவ்வொரு தளத்தின் கூரையையும் அவ்வளவு உயர்த்திக் கட்டியதால்தான் 27 மாடி. சாதாரணக் கட்டடமாக இருந்தால் அதே உயரத்தில் 60 மாடி வரை எழுப்பலாம். சுமார் 4 லட்சம் சதுர அடி, 168 கார்கள் நிற்க இடம், உச்சியில் 3 ஹெலிபேட். செலவு 100 கோடி டாலர் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. அதே நகரத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 52 லட்சம் பேர் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தார்கள். மும்பைவாசிகளில் ஐந்தில் இரண்டு பேருக்கும் மேல்.

இந்த எண்களை அருகருகே வைத்ததும் நமக்கு உடனே தோன்றுவது வகுத்தல் கணக்கு: அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருந்தால்? சரி, கொடுத்துப் பார்ப்போம். அன்றைய மதிப்பில் 100 கோடி டாலர் என்பது சுமார் 4,500 கோடி ரூபாய். 52 லட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 8,600 ரூபாய் சொச்சம். சில மாத வாடகை, ஒரு பழைய கடன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. அதோடு தீர்ந்துபோகும். குடிசை குடிசையாகவேதான் இருக்கும். ஆன்டிலியா கட்டப்படாமல் இருந்திருந்தாலும் தாராவி தாராவியாகவே இருந்திருக்கும் என்பதை நாம் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

இரண்டாவது காரணம், ஆடம்பரமே தவறு என்பது. இதுவும் நிற்காது. எது ஆடம்பரம் என்ற கோட்டை யார் போடுவது? 5 பேர் 100 சதுர அடியில் படுத்துறங்கும் ஒரு வீட்டிலிருந்து பார்த்தால், தனிப் படுக்கையறையில் ஏசி போட்டுக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிப்பதும் ஆடம்பரம்தான். அம்பானியை விட்டுவிட்டு நம்மைப் பிடித்துக்கொள்ளும் வாதம் இது. பிடித்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே அளவில் குற்றவாளியாக்கும் வாதம் யாரையும் எதையும் செய்யவைப்பதில்லை.

இப்போது மறுபக்கம். "அவர் காசு" என்ற வாதத்தின் மிகக் கூர்மையான வடிவம் ராபர்ட் நோசிக் 1974-ல் எழுதிய நூலில் இருக்கிறது. ஒரு கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் விரும்பி ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுக்கிறார்கள். சீசன் முடிவில் அவர் பெரும் பணக்காரர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பிடுங்கவில்லை. இதில் அநியாயம் எங்கே என்று கேட்கிறார் நோசிக். நியாயமான கேள்வி. டிக்கெட் காசு வரைக்கும் நானும் அவர் கட்சிதான். ஆனால் வீடு டிக்கெட் இல்லையே. வீடு தரையில் நிற்கிறது. நகரத்தில் ஒரு துண்டு நிலம் எப்படி ஒருவருடையது ஆகிறது என்பது தனிக் கதை.

ஆன்டிலியா நிற்கும் நிலத்தின் கதையைப் பாருங்கள். சுமார் 4,500 சதுர மீட்டர். அது கரீம்பாய் இப்ராஹிம் பெயரிலான அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருந்தது. கோஜா சமூகத்து அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்த ஏற்பட்ட அறக்கட்டளை. 2002-ல் அறநிலைய ஆணையரின் அனுமதியோடு 21.05 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. சந்தை விலை இதைவிடப் பல மடங்கு என்று சொன்னவர்கள் உண்டு. வக்ஃபு வாரியத்துடன் வழக்கும் நடந்தது. விற்பனை செல்லுமா செல்லாதா என்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டியது வேறு. அந்த இடத்துக்கு அவ்வளவு விலை எப்படி வந்தது? அந்த மண்ணில் தங்கம் இல்லை. சுற்றிலும் மும்பை இருக்கிறது. கடலைத் தூர்த்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மில்லில் நெய்தவர்கள், ரயில்வே சொல்லும் 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்' கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு 14 பேராக நின்றுகொண்டு தினமும் வேலைக்கு வருகிறவர்கள், எல்லோரும் சேர்ந்து ஏற்றிய விலை அது. நிலம் ஒருவருடையது. அதன் மதிப்போ ஊர் மொத்தத்தின் உழைப்பு.

அந்த ஊருக்குள் ஏழைகள் ஏன் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள்? 1981-ல் நடைபாதைவாசிகளை அகற்ற பம்பாயில் உத்தரவு வந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் (ஓல்கா டெல்லிஸ் வழக்கு) 1985-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது: இவர்கள் நடைபாதையில் இருப்பது பிழைப்பு அருகில் இருப்பதால், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி. ஆனாலும் முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு அனுமதித்தது. ஆக, ஊருக்கு இவர்கள் வேண்டும். ஊரில் இவர்களுக்கு இடம் வேண்டுமா என்பதுதான் இழுபறி. தாராவியும் அப்படி உருவானதுதான். மாஹிம் கழிமுகத்தின் ஓரத்துச் சதுப்பில், திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த நம் ஆட்களும், குஜராத்திலிருந்து வந்த குயவர்களும், இன்னும் பலரும் மண் கொட்டி மேடாக்கிய இடம் அது.

அடுத்த வாதம்: "வீடு கட்டினதால எத்தனை பேருக்கு வேலை!" 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்டெவில் தேனீக்களின் கதையாக எழுதியதுதான் இது: பணக்காரரின் வீண்பகட்டு ஏழைக்குக் கூலி. உண்மைதான், கொத்தனாருக்குக் கூலி கிடைத்தது. ஆனால் பள்ளிக்கூடம் கட்டினாலும் அதே கொத்தனாருக்கு அதே கூலிதான். கூலி கொடுத்து முடித்த பிறகு ஊரில் என்ன மிச்சம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மிச்சம் நிற்பது என்ன? அதன் பெயரே ஒரு குறிப்புத் தருகிறது. ஆன்டிலியா என்பது அட்லாண்டிக் கடலில் இருப்பதாக 15-ம் நூற்றாண்டு ஐரோப்பிய மாலுமிகள் நம்பிய ஒரு தீவு. 1424-ம் ஆண்டு வரைபடம் ஒன்றில் அது வரையப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு தீவு இல்லவே இல்லை. மும்பையோ நிஜமாகவே தீவுகளால் ஆன ஊர். ஏழு தீவுகள். அலை ஏறினால் நடுவில் தண்ணீர் புகுந்துவிடும். 18-ம் நூற்றாண்டில் வொர்லி பக்கம் அணை போட்டு, அடுத்தடுத்து மண் கொட்டி, பாலம் கட்டி ஒட்டவைத்ததுதான் இன்றைய தெற்கு மும்பை. ஏழு தீவுகளை ஒன்றாக்க அவ்வளவு பாடுபட்ட ஊரில் எட்டாவதாக ஒன்று முளைத்து, தீவின் பெயரையே சூட்டிக்கொண்டு நிற்கிறது.

தீவாக இருப்பதில் என்ன தவறு? இதற்குப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய ஒரு சிறு நூல் உதவும். நைஜீரியாவில் ரயில்வே மோசமாக நடந்துகொண்டிருந்தது. லாரி என்ற மாற்று வந்ததும் ரயில்வே திருந்தியிருக்க வேண்டும், போட்டி வந்துவிட்டதே! திருந்தவில்லை. ஏனென்றால் சத்தம் போடும் சக்தி உள்ள வாடிக்கையாளர்கள் லாரிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் சத்தம் யார் காதிலும் விழவில்லை. விலகிப்போக வழி உள்ளவர்கள் விலகிவிட்டால், விலக முடியாதவர்களின் குரலும் சேர்ந்து போய்விடுகிறது.

இதை மும்பையில் பொருத்திப் பாருங்கள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. காரில் போனவர், ரயிலில் போனவர், நடந்தவர் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதமே மித்தி ஆற்றுக்கென்று ஒரு தனி ஆணையம் வந்தது. அந்த ஆணையம் எவ்வளவு சாதித்தது என்பது வேறு கதை. அதை வரவைத்தது எல்லோரும் ஒரே தண்ணீரில் நின்றது. குழாய்த் தண்ணீரில் அது நடக்கவில்லை. மாநகராட்சியின் கணக்கில் கட்டடத்தில் வசிப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசைப்பகுதியில் வசிப்பவருக்கு 45 லிட்டர். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு போட்ட குடிசை என்றால் சட்டப்படி இணைப்பே கிடையாது என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. 2014-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டு, குடிசை சட்டவிரோதம் என்பதற்காகத் தண்ணீரை மறுக்க முடியாது என்று சொல்லவேண்டி வந்தது. 45 லிட்டரில் குளித்து, சமைத்து, துவைக்கவேண்டிய நிலை அல்டமவுண்ட் ரோட்டுக்கும் இருந்திருந்தால் அவ்வளவு காலம் ஆகியிருக்குமா?

நான் தேடிய தவறு இங்கே இருக்கிறது. யாருடைய ஒரு தொலைபேசி அழைப்புக்கு அமைச்சர்கள் எழுந்து நிற்பார்களோ, அவருக்கு ஊரின் சாலை, மின்சாரம், தண்ணீர், காற்று எதுவுமே சொந்தப் பிரச்சினையாக இல்லாதபடி ஒரு வீடு செய்துவிடுகிறது. உச்சியிலிருக்கும் ஹெலிபேடுகளைப் பயன்படுத்த அனுமதி கிடைப்பதில் சிக்கல் என்று செய்திகள் வந்தன. பறந்தாலும் பறக்காவிட்டாலும் அவை சொல்வது ஒன்றுதான்: கீழே இருக்கும் ரோடு எனக்கு அவசியமில்லை.

"அவங்க ஆஸ்பத்திரி நடத்துறாங்க, பள்ளிக்கூடம் நடத்துறாங்க, தெரியுமா?" தெரியும். அவற்றால் பயனடைந்தவர்களிடம் போய் அதெல்லாம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தானம் தீவிலிருந்து கிளம்பும் படகு. எப்போது கிளம்பவேண்டும், எந்தக் கரையில் ஒதுங்கவேண்டும் என்பதைத் தீவுதான் முடிவு செய்யும்.

இதற்கு நேர்மாறான ஒரு செலவையும் மும்பை பார்த்திருக்கிறது. தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மாஹிம் காஸ்வே. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே மக்கள் படகில் போய் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்த காலம். அரசாங்கம் பணம் தர மறுத்தது. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். 1845-ல் சாலை திறந்தது. அவர் போட்ட நிபந்தனை: அதைப் பயன்படுத்தும் மக்களிடம் சுங்கம் வாங்கக்கூடாது. அந்தக் குடும்பத்தை நான் புனிதப்படுத்த வரவில்லை. அவர்களுக்கும் மாளிகை இருந்தது. அந்தச் செல்வத்தில் சீனத்து அபினி வியாபாரத்தின் பங்கு பெரியது. அதனால்தான் இந்த உதாரணம் உதவுகிறது. பணம் எவ்வளவு, எவ்வளவு சுத்தம், கொடுத்தவர் எவ்வளவு நல்லவர் என்ற கேள்விகள் தனி. அந்தப் பணம் எழுப்பியது ஊரை ஒட்டவைக்கிறதா, வெட்டிவிடுகிறதா என்பது வேறொரு கேள்வி. அதைப் பணக்காரரிடம் மட்டும்தான் கேட்கவேண்டும் என்றில்லை.

ஆன்டிலியாவை நம்மால் கட்ட முடியாது. ஆனால் அதன் சின்னச் சின்ன மாதிரிகளைத்தான் நாம் எல்லோரும் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். குழாய்த் தண்ணீர் சரியில்லை, ஆர்.ஓ. கரண்ட் போகிறது, இன்வெர்ட்டர். அரசுப் பள்ளி வேண்டாம், தனியார் பள்ளி. தெரு வேண்டாம், கேட்டுக்குள்ளேயே நடைபாதை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, பிள்ளையை மோசமான பள்ளியில் சேர்த்துக் கொள்கையைக் காப்பாற்று என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை விலகும்போதும் பின்னால் விட்டுவந்த வரிசையில் ஒரு குரல் குறைகிறது. ஆர்.ஓ. வாங்கியவர்களும் வார்டு கவுன்சிலரிடம் போய்க் குழாய்த் தண்ணீருக்காக நிற்கலாம். பிள்ளை படிக்காத பள்ளிக்கும் கழிவறை கேட்டு மனு எழுதலாம். விலகுவதைத் தவிர்க்க முடியாமல் போகலாம், குரலையும் கூடவே எடுத்துக்கொண்டு போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

2024 ஜூலையில் அந்தக் குடும்பத்தின் கல்யாணத்துக்காக பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நான்கு நாட்கள் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டது. மித்தி ஆற்றுக்கு அந்தக் கரையில் தாராவி. ஊரே சுற்றிப் போனது. நாமெல்லாம் போனில் கல்யாணம் பார்த்தோம், யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பேசினோம். பார்த்ததில் குற்றமில்லை. அடுத்த தடவை அப்படி ஒரு ரீல் வரும்போது, எத்தனை கோடி என்று வியப்பதற்குப் பதிலாக, ரோட்டை மூடினார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.