புதுப் போனின் விலை



சிங்காரத்தோப்புப் பக்கம் போனால் போன் கடைகளில் "வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரம்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வரும் கல்லூரி மாணவரும் அதைப் பார்த்துத்தான் நிற்கிறார். "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று வாலிபர்கள் கேட்கிறீர்கள்.

வங்கி தரும் பில்லைப் பாருங்கள். கிரெடிட் கார்டு தவணையில் பெரும்பாலும் வங்கி வட்டி போடவே செய்கிறது. அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் கணக்கில்தான் ஏறும். பெயரை மாற்றினால் ஒப்பந்தம் மாறிவிடாது. கடைக்காரரே ஒரு விலையை முடிவு செய்து, மாதாமாதம் வாங்கிக்கொண்டு, தாமதத்துக்குக் கூடுதல் கேட்காவிட்டால் அது வியாபாரம், கூடும்.

இது எளிதான பாதி. ரொக்கம் கொடுத்தவருக்குக் கணக்கு முடிந்துவிட்டதா? செல்வம் எங்கிருந்து வந்தது என்பதோடு, எதில் போனது என்றும் மறுமையில் விசாரணை உண்டு என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் பாதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் சில தரமில்லாமல் இருந்ததை ஆப்பிளே ஒப்புக்கொண்டது. எல்லாம் நம் ஊர்களிலிருந்து போன பிள்ளைகள். பேட்டரிக்கான கோபால்ட்டைக் காங்கோவில் தோண்டுபவர்களில் சிறுவர்களும் உண்டு.

"நாம் வாங்காவிட்டால் அந்தப் பெண்களுக்கு வேலை ஏது?" என்பீர்கள். நியாயம்தான். 2014 நவம்பரில் அதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். எனவே வாங்குவதே ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், நன்றாக ஓடும் போனைக் கேமராவுக்காக மாற்றும்போது அந்தப் பிள்ளைகளை நினைத்தா மாற்றுகிறோம்? அது நஃப்ஸ் சொல்லும் சாக்கு. அங்கே இஸ்ராஃப் நுழைந்துவிட்டது. அதுவும் தகப்பன் ஆட்டோ ஓட்டிக் கடன் அடைக்கும் வீட்டில் என்றால் கேட்கவே வேண்டாம்.

பேட்டரி போனால் பேட்டரியை மாற்றுங்கள். திரை உடைந்தால் திரையை. வாங்கியே ஆகவேண்டும் என்றால், பழையதை அலமாரியில் பூட்டி வைக்காமல், உங்கள் மஹல்லாவில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.