வைசுவாநரனுக்கு இடும் நிவேதனம்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கம்பமே மூலவராக நிற்கும் கலியுக வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு, சுற்றுவட்டாரக் குடியானவர்கள் தங்கள் களத்துத் தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுவது நெடுநாளைய வழக்கம். அதில் பதரோ கல்லோ கலக்கலாகாது என்பதற்கு அவர்களுக்குச் சட்டம் தேவையில்லை. அதே தானியம் மளிகைக் கடைப் படிக்குள் புகுந்தவுடன்தான் சட்டம் தேவையாகிறது. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாளில், 1918-இல், சென்னை மாகாணம் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை இயற்றியது; 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் திருவிழாக் கூட்டங்களையும் தன் பார்வைக்குள் கொண்டுவந்தது.

இங்கே ஆஸ்திகர் மனத்தில் ஒரு வினா எழுவது இயற்கை. பகவானுக்கு நிவேதித்து, பிரசாதமாகிவிட்ட அன்னத்தைச் சோதிப்பது பக்திக் குறைவல்லவா? அன்பிலிருந்து பிறக்கும் இவ்வினாவை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் மடைப்பள்ளியைச் சற்று எண்ணிப் பாருங்கள்: நீராடியவரே அடுப்பங்கரை புகவேண்டும், நிவேதனத்துக்கு முன் எவரும் ருசி பார்க்கலாகாது என்றெல்லாம் வகுத்த முன்னோர், கண்ணுக்கும் கைக்கும் எட்டிய மட்டும் பரிசோதனையையே ஆசாரமாக்கி வைத்தார்கள். கண்ணுக்கு எட்டாததை, காலரா நோயின் கிருமியை, 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவின் ஒரு குளத்து நீரிலேயே கண்டறிந்தார். ஆகவே அதைக் காட்டும் நுண்ணோக்கி ஆசாரத்துக்கு விரோதியன்று. அதன் எல்லையை விரித்த கருவி.

கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணன், தானே வைசுவாநர அக்கினியாய் உயிர்களின் உடலில் உறைந்து அன்னத்தைச் செரிக்கச் செய்வதாகக் கூறுகிறான். இதை மெய்யாக நம்புகிறவனுக்கு, பகலெல்லாம் களை பறித்துவிட்டு, அந்தியில் முந்தானை முடிப்பை அவிழ்த்து அரைப்படி அரிசியும் ஒரு கரண்டி எண்ணெயும் வாங்குகிறாளே, அவளுடைய வயிறும் சந்நிதியே. வசதியுள்ளவர்கள் மிளகாயை முழுதாக வாங்கி, வீட்டில் காயவைத்து, அரைத்துக்கொள்வார்கள். பொட்டலமாகக் கிடைப்பதையே நம்பி வாங்குகிறவளுக்குச் சோதித்துப் பார்க்க நேரமும் இல்லை, சாதனமும் இல்லை. அவள் சார்பில் கடைவாசலில் நிற்கும் சுகாதார அதிகாரி, கோயில் மணியக்காரரின் பணியையே செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். பெருமாளுக்கு நல்ல நெல்லையும் அவளுக்குக் கல் கலந்த அரிசியையும் அளக்கிறவன், ஒரே தெய்வத்துக்கு இரண்டு படி வைத்திருக்கிறான்.

1954-ஆம் ஆண்டின் மத்திய உணவுக் கலப்படத் தடைச் சட்டம், கடையில் அதிகாரி எடுத்த மாதிரியை மூன்று பங்காக்கி முத்திரையிடச் சொன்னது. ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போயிற்று. ஒன்று அதிகாரியிடம் இருந்தது. மற்றொன்றை வியாபாரியிடமே கொடுத்துவிடவேண்டியிருந்தது. அவன் தன் நியாயத்தை நிலைநாட்டிக்கொள்ளச் சட்டம் அளித்த வாய்ப்பு அது. கலந்தது அவன் கையேயானால், ஆய்வுகூடத்தின் அறிக்கை வந்து சேருமுன்னரே, கடையின் மேல்தட்டில், சாமி படத்துக்கு அருகில், அரக்கு கலையாமல் இருந்த அந்தச் சிறிய பாட்டிலினுள் இருப்பது இன்னதென்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.