ஒரு கிணறும் இரு தண்ணீரும்

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் வலிகாமத்துக் கிராமமொன்றின் சிறு விடுதியில் இரண்டு நாள் தங்கினோம். ஆறு அறைகள், பின்வளவில் ஒரு கிணறு, அதற்குச் சற்று அப்பால் மலசலகூடக் குழி. எமது மேசைக்கு முத்திரையிட்ட போத்தல் தண்ணீர் வந்தது. சமையற்கட்டில் வேலைசெய்த அம்மையாரோ கிணற்றில் அள்ளி அப்படியே குடித்தார். ஏனென்று கேட்டோம். "எங்களுக்கு இது பழகிப்போச்சு, சேர்" என்றார்.

அந்த விடை எம்மை இன்றும் உறுத்துகிறது. விடுதிக்காரரைக் கொடியவர் என்று கூற நாம் வரவில்லை. வந்தவர் நோயுறக் கூடாதென்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நேர்மையானதே. ஆனால், கிணற்றில் ஐயங்கொண்டு விருந்தினருக்குப் போத்தல் வாங்குபவர், அதே கிணற்றை வேலையாளுக்குப் போதுமென்று விடுவது எந்த அறம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மழைநீரே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அதே வழியால் மலக்குழியின் கழிவும் தோட்டத்து யூரியாவும் இறங்குகின்றன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமே அதற்கு எல்லையென உலக சுகாதார தாபனம் வகுத்துள்ளது. அவ்வெல்லையை மீறிய கிணறுகள் வலிகாமத்தில் பல உள. அந்நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆக, விருந்தினராகிய நாம் போத்தலிற் குடித்துவிட்டு, எமது கழிவை அம்மையார் குடிக்கும் நிலத்தடி நீருக்கு விட்டு வந்தோம். குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

பழைய மடங்களின் தருமம் எங்கே என்று ஏங்குவோர் உளர். வழிப்போக்கருக்கு மடமும், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும், சுமைதாங்கியும் அமைத்த சமுதாயம் போற்றத்தக்கதே. ஆயினும், அந்நாளிற் கிணற்றுக் கட்டில் கால்வைக்க இயலாது, யாரேனும் அள்ளி வார்க்கும்வரை கையேந்தி நின்றோரும் எம்மவரே. சாதியின் பேரால் விதிக்கப்பட்ட இத்தகைய தடைகளைக் குற்றமாக்க 1957 இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அன்று பிறப்புப் பிரித்தது. இன்று பணம் பிரிக்கிறது.

2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையென ஏற்றது. உரிமை என்பது அறை வாடகையோடு விற்கப்படுவதன்று. கிணற்று நீரை ஆண்டுதோறும் ஆய்வுக்கு அனுப்புக. முடிவை வரவேற்பறையில் மட்டுமன்றிச் சமையற்கட்டிலும் ஒட்டுக. கசியாத கழிவுக்குழி கட்டுக. முதலாளியும் வேலையாளும் விருந்தினரும் ஒரே தண்ணீரைக் குடிக்க. இதற்குச் செலவாகும் என்பர். ஆகட்டும், அதனை எமது வாடகையிற் சேர்க்கட்டும்.

இனி எந்த விடுதிக்குச் சென்றாலும், "இந்தத் தண்ணீர் நல்லதா?" என்று மட்டும் கேட்டு அமையோம். "நீங்கள் எதைக் குடிக்கிறீர்கள்?" என்றும் கேட்போம்.