சுவரோவியமும் கடற்பறவையும்

மாணவன் நெஞ்சில் விஞ்ஞானத்தின்பால் எழும் ஆர்வம் அவனுடையதேயா, அன்றி அவன் கண்ட படங்களும் கேட்ட புகழுரைகளும் ஊட்டிய இரவல் ஆசையா? மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் வாழ்விலிருந்தே இதனை ஆராயலாம்.

1963இல் ராக்கெட் பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற அவர், வாலப்ஸ் ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் கண்டு வியந்தார். ஆங்கிலேயர்மீது ராக்கெட் எய்யும் திப்பு சுல்தானின் வீரர்கள் அதில் தீட்டப்பட்டிருந்தனர். நம் நாடு மறந்ததை அந்நியர் சுவர் நினைவில் வைத்திருந்தது! படத்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆயின், அதனைக் காணுமுன்பே அவர் பொறியாளர். ஆர்வத்தின் வித்து, பறவை பறக்கும் விதத்தை இராமேசுவரம் கடற்கரையில் நேரில் காட்டிய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் இட்டது. பறவையை அறிந்த கண்ணோடுதான் அவ்வோவியம் பேசிற்று.

இன்று பத்திரிகையும் தொலைக்காட்சியும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது குடியரசுத் தலைவர் கலாமை. அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இடைப்பட்ட பதினொரு மாத உழைப்பை விரிவாகச் சொல்வோர் யார்? புகழை விரும்பி வந்த பிள்ளை முதல் தோல்வியிலேயே திரும்பிவிடுவான். அறிவை விரும்பியவனோ, ஏன் விழுந்தது என்று கேட்பான்.

நம் இல்லங்களோ (சொல்லக் கூச்சமாகவே உள்ளது) எப்படிப்பைக் கேட்டாலும் சம்பளத்தையே முதலில் விசாரிக்கின்றன. பறவை வானில் எப்படித் திரும்புகிறது என்று ஒரு சிறுமி வினவினால், "பேசாமல் பாடத்தைப் படி" என்று அடக்கிவிட்டு, மாலையில் கலாமின் படத்தை அவள் அறையில் மாட்டுகிறோம்.