கேஸ் எங்கே போனது?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அறிவது எப்படி? சமய நூல்கள் இதைக் கடவுளை வைத்துக் கேட்கின்றன. மேட்டுப்பாளையத்தில் கார் ஏசி வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி தினமும் பட்டறைக்கே வருகிறது. கம்பிக்குள் ஓடும் கரண்டையும் குழாய்க்குள் சுற்றும் கேஸையும் நான் பார்ப்பதில்லை. ஆனாலும் இதுதான் பழுது என்று சொல்லி ஒருவரிடம் பணம் வாங்குகிறேன். எந்த உரிமையில்?

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கப் பகுதியில் அளவையைத்தான் முதலில் வைத்தார். கடவுளைப் பேசுமுன் அறியும் வழியைப் பேசிவிட வேண்டும் என்பது அவர் ஒழுங்கு. காண்டல், கருதல், உரை என அவர் கொள்ளும் வழிகள் மூன்று. உரை என்று அவர் சொல்வது இறைவன் நூலை. பட்டறையில் அந்த இடத்தை ஓட்டுநரின் சொல்லுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஊட்டி ஏறும் வண்டிக்காரர் சொல்வார்: “ஹீட்டர் போட்டா நாலாம் நம்பர்ல மட்டுந்தாங்க காத்து வருது.” இது உரை. நாலு நிலை சுவிட்ச் உள்ள பல கார்களில் முதல் மூன்றும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். நாலாவது நேராக ப்ளோயர் மோட்டாருக்குப் போகும். ஆகவே மோட்டார், ஃபியூஸ், எர்த் மூன்றும் வேலை செய்கின்றன, கோளாறு ரெசிஸ்டர் பக்கம் என்பது கருதல். கழற்றி மீட்டர் வைப்பது காண்டல். அதற்கு மேலும் ஒரு படி உண்டு. ரெசிஸ்டர் ஏன் எரிந்தது? பேரிங் இறுகிய மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்திருக்கும். அல்லது ஃபில்டர் அடைத்து, ரெசிஸ்டரைக் குளிர்விக்கும் காற்று குறைந்திருக்கும். அதைத் தேடாவிட்டால் புது ரெசிஸ்டரும் எரியும்.

ஏசியில் மயக்கம் அதிகம். என்ஜினை நிறுத்தி ஆறவிட்டுக் கேஜ் மாட்டினால், 30 டிகிரி சூட்டில் ஆர்134ஏ கேஸ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். கேஸ் சரியாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, கேஸ் முழுசாக இருந்தாலும் பாதியாக இருந்தாலும் அழுத்தம் அதேதான். பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிக்கும் ஏதுப்போலிகளில், அதாவது பழுதான காரணங்களில், ஒன்று அநைகாந்திகம்: நிரூபிக்க வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒன்றுபோல் நிற்கும் காரணம். அந்த 97 அப்படிப்பட்டது. கேஸை வெளியே எடுத்து எடை போட்டால்தான் அளவு உறுதியாகும்.

அறவண அடிகளின் பௌத்தத்துக்கு அளவை இரண்டே, சித்தியாருக்கு மூன்று. சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கப் பகுதி பௌத்தத்தையும் மறுத்து வாதிடுகிறது. இருந்தும், காரணம் பழுதானால் முடிவு நிற்காது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. எதிராளியிடம்கூட நேர்மையாக வாதிடத் தேவையான அந்த ஒழுக்கம், நம்பி வண்டியை விட்டுப்போகிறவரிடம் இன்னும் அதிகமாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. ஒரே கோடையில் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றிக் காசு வாங்குவது, அறியாததை அறிந்ததாகச் சொல்வது. அதற்குப் பெயர் பொய். அடுத்த முறை யாராவது “கேஸ் தீர்ந்துவிட்டது” என்றால், எங்கே போனது என்று கேளுங்கள். பதில் வந்தபின் பணம் கொடுங்கள்.