சோறு போடாத மருமகள்

மறதிநோய் வந்த வீட்டில் முதலில் பெயர் கெடுவது மருமகளுக்குத்தான். கோவில்பட்டியில் என் பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "மருமவ எனக்குச் சோறு போடமாட்டேங்கா" என்பாள். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலுமாக வயிறாரச் சாப்பிட்டிருப்பாள். விரலில் சாம்பார் வாசனைகூடப் போயிருக்காது. பூக்காரம்மா கேட்டுக்கொண்டாள். இஸ்திரி வண்டிக்காரர் கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் மனசு பொறுக்காமல் கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்து கொண்டுவந்து கொடுத்தார். பெரியம்மா அதை ஆவலாக வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு தெருவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிண்ணத்தைக் கழுவி எதிர்வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டியவள் அந்த மருமகள்தான்; அண்ணன் மனைவி, என் மதினி.

அதற்குப் பிறகு மதினி கேட்டைப் பூட்டிவைக்க ஆரம்பித்தாள். கல்யாணம், சடங்கு என்று எதற்கும் போவதில்லை. கேட்டைப் பூட்டியதும் அவள்மேல் இன்னொரு குற்றமாகச் சேர்ந்தது.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. புதிய நினைவுகளைப் பதியவைக்கிற வேலை மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியைச் சார்ந்தது. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கைவைப்பது அங்கேதான். பேனாவில் மை தீர்ந்த பிறகு எழுதிய பக்கம் மாதிரி, அன்றைக்கு மத்தியானம் வெறுமையாக இருக்கும். எட்டையபுரத்தில் கழிந்த சின்ன வயசுப் பக்கங்கள் மட்டும் அழியாமல் இருக்கும். சாப்பிட்ட ஞாபகம் இல்லையென்றால் சாப்பாடு போடவில்லை என்றுதானே அர்த்தம்? சங்கிலியைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்ததும் ஞாபகம் இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் வெளியிலிருந்து வந்தவள் ஒருத்திதான். பெரியம்மாவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

2023இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். 88 லட்சம் என்றால் நம் தெருக்களில் எத்தனை வாசற்படிகள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்குச் சில விஷயங்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். எதிர்த்து வாதாடாதீர்கள்; "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று நிரூபிக்கப் போகாதீர்கள்; குளியலறையில் வழுக்காத தரை போடுங்கள்; போன் நம்பர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். எல்லாம் பயனுள்ளவைதான். மதினி இதில் பாதியைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். "உலை கொதிச்சிட்டு இருக்கு அத்தை, அதுக்குள்ள இந்த முறுக்கக் கடிங்க" என்பாள். சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு "எங்கம்மா தேடுவா, வீட்டுக்குப் போணும்" என்று கிளம்புவாள். "உங்கம்மா செத்து நாப்பது வருசமாச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்குத்தான் இழவு விழுந்த மாதிரி அழுவாள். மதினி அப்படிச் சொன்னதே இல்லை. "பஸ் வரட்டும் அத்தை, காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்பாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும்.

மதினிக்குப் பாடம் தேவைப்படவில்லை என்றுகூடச் சொல்லிவிடுவேன். தேவைப்பட்டது தெருவுக்கு. மகள்களுக்கு அதைவிட அதிகமாக. வருசத்துக்கு இரண்டு தடவை வருகிற மகள் முன்னால் பெரியம்மா அன்றைக்கு மட்டும் தெளிவாக இருப்பாள். விருந்தாளி முன்னால் நோயாளி தன்னைத் திரட்டிக்கொள்வது இந்த நோயில் சாதாரணம். "என்கிட்ட நல்லாத்தானே பேசினா? நீங்க சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு மகள் ரயிலேறிப் போனதும் வீட்டில் ஒரு வாரம் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். 'ஓ காதல் கண்மணி'யில் இந்த நோய் வந்த பவானி மாமியைக் கணவர் பூப்போலப் பார்த்துக்கொள்வார். அழகாகத்தான் இருந்தது. நகைக்கும் சோற்றுக்கும் பழி சுமக்கிற மருமகள் அந்தப் படத்தில் இல்லை.

தெருவுக்கே இந்த நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஜப்பானில் 2005இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். சுமார் ஒன்றரை மணி நேர வகுப்பு. முடிவில் கையில் ஒரு ஆரஞ்சு வளையம் கொடுத்துவந்தார்கள். இதுவரை ஒரு கோடிப் பேருக்கு மேல் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கடையில் ஒரே சாமானை மூன்றாம் முறையாக வாங்க வருகிற பாட்டியை எப்படி நடத்துவது என்பதுதான் பாடம்.

இதை இங்கே அப்படியே இறக்கினால் ஒரு சிக்கல் வரும். "கிழவி சொல்றத நம்பாதீங்க" என்று தெருவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், நிஜமாகவே சோறு கிடைக்காத கிழவியின் கதி என்ன? அப்படிப்பட்ட வீடுகளும் உண்டு. பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லி 2007இல் சட்டமே போட வேண்டிவந்த தேசம் இது. மறதிநோயும் இருந்து பட்டினியும் கிடக்கிற ஒருத்தியின் வாயைத் தெருவும் சேர்ந்து அடைத்துவிட்டால் அது பெரும்பாவம். நம்புவதா வேண்டாமா என்பதற்கு வாசலில் நின்று முடிவு கட்ட முடியாது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நாலு தடவை போய் அடுப்படியில் உட்கார்ந்தால் எது நோய், எது கொடுமை என்று யாருக்கும் விளங்கிவிடும்.

உள்ளே போகிறவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் எந்த ஆச்சி எப்படி இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த நோயைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கலாம். தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும் மனச்சோர்வும்கூட மறதியாக வேஷம் கட்டும், அவற்றுக்கு மருந்து உண்டு என்று சொல்லலாம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று குழம்பினால் அது சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்லலாம். குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் போதும்.

ஒன்றே ஒன்று. வகுப்பு என்று வைத்தால் வேலைநாள் காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் மருமகள்களாகவும் கல்யாணமாகாத மகள்களாகவும்தான் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு டீ கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அண்ணன் அன்றைக்கு வீட்டில்தான் இருப்பான்.