பூட்டிய டிரைவரும் பொதுக் காசும்

ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கமிருந்து நடந்து அண்ணா சாலையைத் தாண்டினால் ரிச்சி தெரு. அங்கே வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வைஃபை எடுக்காமல் போனால், குறை பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை. அதை இயக்கும் டிரைவரின் மூலநிரல் யாரோ ஒருவரிடம் பூட்டிக் கிடக்கிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். திருத்தியதைப் பிறரிடம் கொடுத்தால் மூலநிரலும் கூடவே போக வேண்டும். அப்படியானால், அந்தக் கெர்னலுக்குள் புகுந்து ஓடும் டிரைவரை மூடி வைப்பது முறையா? "இது லினக்ஸிலிருந்து பிறந்ததல்ல, வேறு இயங்குதளங்களுக்கும் எழுதியதுதான்" என்பது நிறுவனங்களின் வாதம். கெர்னலுக்கும் டிரைவருக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு திறந்த அடுக்கு, அதன் பின்னால் மூடிய பெரும்பகுதி. கோர்ட்டில் இது நிற்கலாம். ஆனால் ஊரார் உழைத்துப் போட்ட சாலையில் வண்டி ஓட்டிக் காசு பார்ப்பவர், தன் வண்டியைப் பழுது பார்க்கக்கூட யாரையும் விடமாட்டேன் என்பது நியாயமாகத் தோன்றவில்லை.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே சாக்கு அல்ல. பிறரிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த நிரல் இருக்கும். ரேடியோ அலைவரிசை விதிகள் இருக்கும். என்விடியா 2022-இல் தன் புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான கெர்னல் பகுதியைத் திறந்தது. ஆனால் வேலையில் பெரும்பங்கு கார்டுக்குள்ளேயே ஓடும் மூடிய ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது. பூட்டு உள்ளறைக்கு மாறியது, அவ்வளவுதான்.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு லின்க்சிஸ் ரவுட்டர் சாட்சி. 2003-இல் உரிமத்தைக் காட்டி நெருக்கியதால் அதன் நிரல் வெளிவந்தது; அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள் முளைத்தது. தயாரித்தவர் கைவிட்ட பல ரவுட்டர்கள் அதனால் இன்னும் ஓடுகின்றன.

வேறு வழியின்றி மூடிய டிரைவரைப் போட்டுக்கொள்ளும் மாணவரைக் குறை சொல்வது வீண் கண்டிப்பு. டெபியன் என்ற லினக்ஸ் திட்டம்கூட 2022-இல் வாக்கெடுத்து, மூடிய ஃபர்ம்வேரைத் தன் நிறுவியில் சேர்க்க ஒப்புக்கொண்டது. கேள்வி கேட்க வேண்டியது பெரிய வாங்குபவரை. 2011-இல் தமிழக அரசு தன் எல்காட் நிறுவனம் வழியாக விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் சென்னை சி-டாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. ரிச்சி தெருவில் ஒற்றை லேப்டாப்புக்குப் பேரம் பேசுபவரால் மூலநிரல் கேட்க முடியாது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசால் டெண்டரிலேயே கேட்க முடியும்: டிரைவர் கெர்னலிலேயே சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆதரவை நிறுத்தும் நாளில் கருவியின் விவரக்குறிப்பையாவது ஒப்படைக்க வேண்டும். விலை கொஞ்சம் ஏறலாம். சில நிறுவனங்கள் ஒதுங்கவும் செய்யலாம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் பொருளுக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.